திருத்துபவருக்குத் தெரியக் கூடாது, தணிக்கையாளருக்குத் தெரிய வேண்டும்

மருத்துவம், கல்வி, தொழில்நுட்பம் ஆகிய மூன்று துறைகளின் ஆய்வுகளும் சாதித் தரவு பற்றிய நம் நிலைப்பாடும்

இந்தியாவில் ஒரு தலித் குழந்தை பிறக்கும்போதே அதன் எதிர்பார்ப்பு ஆயுள், உயர்சாதி எனப்படும் பிரிவில் பிறக்கும் இந்துக் குழந்தையின் ஆயுளைவிட மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைந்துவிடுகிறது. பழங்குடிக் குழந்தைக்கு இந்த இழப்பு நான்கு ஆண்டுகளுக்கும் மேல். முஸ்லிம் குழந்தைக்கு ஏறத்தாழ ஓராண்டு. ஒன்பது மாநிலங்களில் 2 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்ட அரசுக் கணக்கெடுப்பு ஒன்றைப் பகுத்தாய்ந்து, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2022-இல் வெளியான கட்டுரையின் முடிவு இது. அக்கட்டுரை இன்னொன்றையும் கணக்கிட்டுச் சொன்னது. இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பகுதியைத்தான் பொருளாதார நிலையைக் கொண்டு விளக்க முடியும். வறுமை ஒழிந்தால் சாதி ஏற்றத்தாழ்வும் ஒழிந்துவிடும் என்று நமக்குச் சொல்லப்பட்டுவரும் ஆறுதலை இந்த ஒற்றை முடிவு தகர்க்கிறது.

இந்த ஆய்வு நடந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் நாட்டின் பிறப்பு, இறப்பு வீதங்களை வெளியிடும் அரசு, சாதி வாரியான ஆயுட்காலத்தை வெளியிடும் வழக்கம் இல்லை. வேறு நோக்கத்திற்காக எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பில் குடும்பத்தின் சமூகப் பிரிவும் பதிவாகியிருந்ததால்தான் ஆய்வாளர்களால் இதைக் கண்டறிய முடிந்தது. அந்த ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அந்த ஒரு பத்தி அப்படிவத்தில் இல்லாமல் போயிருந்தால், இழந்த அந்த மூன்று ஆண்டுகள் எவர் கணக்கிலும் வந்திருக்காது.

படிவத்தில் உள்ள சாதிப் பத்தி நமக்கு எதிரியா, சாட்சியா? சாதி கேட்கப்படும் ஒவ்வொரு இடத்திலும் காயப்பட்டவர்கள் நாம். ஆகவே அந்தப் பத்தியை அழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் மூன்று துறைகளில் வெளிவந்துள்ள ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால், இந்தக் கேள்விக்குத் தெளிவான ஒரு விடை கிடைக்கிறது.

கல்வி: தெரிந்ததால் குறைந்த மதிப்பெண்

உலக வங்கியின் பொருளியல் அறிஞர் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடையே ஒரு சோதனை நடத்தினர். காகிதத்தில் வரையப்பட்ட சிக்கல் பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு. மாணவர்களின் சாதி அறிவிக்கப்படாதபோது தலித் மாணவர்களும் உயர்சாதி மாணவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தனர். தந்தையின் பெயர், ஊர் ஆகியவற்றோடு சாதியையும் உரக்க அறிவித்த பிறகு அதே வேலையைக் கொடுத்தபோது தலித் மாணவர்களின் எண்ணிக்கை சரிந்தது. திறமையில் இல்லாத இடைவெளியை ஓர் அறிவிப்பு உண்டாக்கிவிட்டது.

இரண்டாவது ஆய்வு மாணவரை விட்டுத் திருத்துபவரைச் சோதித்தது. ரீமா ஹன்னா, லீ லின்டன் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் வயது, பாலினம், சாதி ஆகியவை குலுக்கல் முறையில் எழுதப்பட்டன. முகப்பில் இருந்த சாதிக்கும் உள்ளே இருந்த விடைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அப்படியிருந்தும் தாழ்த்தப்பட்ட சாதி எனக் குறிக்கப்பட்ட தாள்கள் 0.03 முதல் 0.08 திட்ட விலக்கம் வரை குறைந்த மதிப்பெண் பெற்றன. எண் சிறியதுதான். ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில், தரவரிசையின் விளிம்பில் நிற்பவருக்கு அதுவே இடம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் உள்ள வேறுபாடு. திருத்தத் தொடங்கிய முதல் தாள்களில் இந்தக் குறைப்பு கூடுதலாக இருந்தது. கை பழகப் பழகக் குறைந்தது. மதிப்பெண் அளவுகோலில் உறுதி இல்லாதபோது சாதியைக் கைத்தடியாக ஊன்றிக்கொள்கிறார்கள் என்று பொருள். குறைத்துப் போட்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களும் இருந்தனர் என்பது நாம் விழுங்க வேண்டிய கசப்பு. பாகுபாட்டிற்கு வெறுப்பு தேவையில்லை, பழக்கமே போதும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை.

முகப்பில் சாதி இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகியோரின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு விடை தந்தது. நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. விண்ணப்பத்தில் சாதிப் பத்தி எதுவும் இல்லை. அடுத்த கட்டத்திற்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 எனில், தலித் பெயருக்கு 0.67 மட்டுமே, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயரே பத்தியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்க்கும் வழக்கத்தைச் சுயமரியாதை இயக்கம் பெருமளவு ஒழித்தது. அது உண்மையான சாதனை. ஆனால் சாதியைத் துப்பறியும் கலை இங்கே வேறு வழிகளில் வளர்ந்தது. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, எந்த விடுதி, என்ன உதவித்தொகை, எந்தக் குலசாமி என்று கேள்விகள் சுற்றி வளைக்கும். முகவரியில் ‘காலனி’ என்ற ஒரு சொல் போதும். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்ததே அது பத்தியாகப் பயன்பட்டது என்பதற்கு ஒப்புதல். நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களையும் அகற்றச் சொன்னதும் இதே காரணத்தால்தான். ஐஐடி பாம்பேயில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான பிரிவு 2022-இல் எடுத்த கணக்கெடுப்பில், சாதியை அறிந்துகொள்வதற்காகவே சக மாணவர்கள் தங்கள் நுழைவுத் தேர்வுத் தரவரிசையைக் கேட்டதாக மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கூறினர். அங்கே எண்ணும் ஒரு பெயர்தான்.

இந்த ஆய்வுகளிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. தீர்ப்பளிக்கும் இடத்தில், அதாவது வகுப்பறையில், விடைத்தாளில், செய்முறைத் தேர்வில், நேர்காணலில், சாதி தெரிவது தீங்கு. ஆனால் பத்தியை அழிப்பது மட்டும் அந்தத் தீங்கைத் தடுப்பதில்லை.

மருத்துவம்: குறித்து வைத்ததால் வெளிவந்த அநீதி

அடுத்த பாடத்திற்கு அமெரிக்க மருத்துவமனைகளுக்குச் செல்ல வேண்டியுள்ளது. அங்கே பிரச்சினை நிறவெறி, இங்கே சாதி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அநீதியைக் கண்டுபிடித்த முறை நமக்குத் தேவைப்படுவது.

கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்க மருத்துவமனைகள் ஓர் அல்காரிதத்தைப் பயன்படுத்தின. அதில் நோயாளியின் நிறம் ஓர் உள்ளீடாகவே இல்லை. சியாத் ஓபர்மேயரும் உடன் ஆய்வாளர்களும் அதைச் சோதித்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அல்காரிதம் ஒரே ஆபத்து மதிப்பெண் கொடுத்த இரு நோயாளிகளை ஒப்பிட்டால், கறுப்பினத்தவர் கூடுதல் நோயுற்றவராக இருந்தார். காரணம் எளியது. நோயின் கடுமையை அளப்பதற்குப் பதிலாக, அந்த நோயாளிக்கு இதுவரை எவ்வளவு செலவிடப்பட்டது என்பதை அல்காரிதம் அளந்தது. கறுப்பின மக்களுக்கு மருத்துவம் எட்டாததால் அவர்களுக்கான செலவு குறைவு. செலவு குறைவானதால் அவர்கள் நலமாக இருப்பதாகக் கணினி முடிவு செய்தது. இந்தக் கோளாறைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தானாகத் தேர்வாகும் நோயாளிகளில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

அடுத்தது பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் விரல் நுனியில் மாட்டிக்கொண்டு நாம் அச்சத்தோடு பார்த்த அதே கருவி. 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, இரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்தால் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்த நிகழ்வுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. அடர்ந்த நிறமுள்ள தோலில் கருவி இல்லாத ஆக்சிஜனை இருப்பதாகக் காட்டியது. எண்ணைப் பார்த்துப் படுக்கை ஒதுக்கப்பட்ட நாட்களில் இந்தப் பிழையின் விலை உயிர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில்தான் பல்வேறு தோல் நிறமுள்ளவர்களிடம் இக்கருவிகளைச் சோதிக்க வேண்டும் என்ற வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்தியாவில் தோல் நிறமும் சாதியும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதில்லை. ஆகவே இந்த எண்களை அப்படியே சாதிக்குப் பெயர்த்துவிடக் கூடாது. யாரை வைத்துச் சோதித்து இக்கருவி சரியானது என்று சான்றளித்தார்கள் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு அநீதிகளும் எப்படி வெளிவந்தன? அல்காரிதத்தில் நிறம் இல்லை. ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளி தானே தெரிவித்த இனம் குறிக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. நம் நாட்டில் காப்பீட்டுத் திட்டங்களின் கோரிக்கைத் தரவுகளைக் கொண்டு நாளை யாராவது இதே போன்ற அல்காரிதத்தை உருவாக்கினால், அதுவும் சிகிச்சை எட்டியவர்களைத்தான் நோயாளிகளாகக் கற்றுக்கொள்ளும். மலையடிவாரக் குடியிருப்பிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கே வந்து சேராதவர் அதன் கணக்கில் நலமானவர். அந்தப் பிழையை நிரூபிக்க நம்மிடம் எந்தப் பதிவேடு இருக்கும்?

தொழில்நுட்பம்: கற்றுக்கொண்ட சாதி

செயற்கை நுண்ணறிவுக்குச் சாதி தெரியாது என்பார்கள். மனிதர் எழுதிய அனைத்தையும் வாசித்து வளர்ந்த ஒன்றுக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இந்தியச் சூழலுக்கென ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கினர். வாக்கியத்தில் ஓர் இடத்தை வெற்றாக விட்டு, அதைப் பிராமணர் என நிரப்புவதா, தலித் என நிரப்புவதா என்று மொழி மாதிரிகளிடம் கேட்பது அதன் முறை. மேலை நாடுகளின் நிறவெறி சார்ந்த வார்ப்புகளைவிட இந்தியச் சாதி, மதம் சார்ந்த வார்ப்புகளையே இம்மாதிரிகள் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தன. அமெரிக்காவில் எழுந்த போராட்டங்களால் அங்குள்ள நிறுவனங்கள் நிறத்தைச் சோதிக்கக் கற்றுக்கொண்டன. சாதியைச் சோதிக்க அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதே தொகுப்பைக் கொண்டு 2025 அக்டோபரில் ‘எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ’ நடத்திய சோதனையில், ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-5, 105 வாக்கியங்களில் 80-ஐச் சாதிய வார்ப்பின்படியே நிரப்பியது. அறிவாளி என்றால் பிராமணர், சாக்கடை அள்ளுபவர் என்றால் தலித்.

வேலை விண்ணப்பத்தை எழுதவும் திருத்தவும் வடிகட்டவும் இன்று இவையே பயன்படுகின்றன. தோரட், அட்டெவெல் ஆய்வில் பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கியவர் ஒரு மனிதவள அலுவலர். நாளை அதே வேலையைச் செய்யப்போவது இந்த மாதிரி. அலுவலரையாவது குறுக்கு விசாரணை செய்யலாம்.

மொழி மாதிரிக்கு வெளியே, அரசு நிர்வாகத்திலும் இது தொடங்கிவிட்டது. தெலங்கானாவில் பல்வேறு அரசுத் தரவுத் தளங்களை ஒன்றிணைத்து, கணினிப் பொருத்தத்தின் பேரில் ரேஷன் அட்டைகள் ரத்து செய்யப்பட்டன. நேரில் சென்று விசாரிக்காமலும் அறிவிப்புத் தராமலும் நீக்கியதாக வழக்குத் தொடரப்பட, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 19 லட்சம் அட்டைகளையும் களத்தில் மீண்டும் சரிபார்க்க உத்தரவிட்டது. ஒரு எழுத்தர் ஒரு தலித் குடும்பத்தின் அட்டையைத் தடுத்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் முற்றுகையிடலாம். கணினி தடுக்கும்போது எங்கே முற்றுகையிடுவது?

கூகுள் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த நித்யா சம்பாசிவனும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில் முக்கியமானது. அல்காரித நீதி பற்றிய மேலை நாட்டுக் கருத்தாக்கங்கள் இந்தியாவுக்கு அப்படியே பொருந்தா. இங்கே தரவே சமமாக எடுக்கப்படுவதில்லை என்பது அதன் வாதம். கைபேசியும் இணையமும் எட்டாதவர் தரவிலும் இல்லை. சேரியில் மறுக்கப்பட்ட தண்ணீர்க் குழாய்க்கும் தரவில் மறுக்கப்பட்ட இடத்திற்கும் வரலாறு ஒன்றே.

சட்டம் யாரைத் தேடுகிறது?

மூன்று துறைகளின் ஆய்வுகளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. பாகுபாடு ஒரு மனிதரின் வாயில் மட்டும் இல்லை. மதிப்பெண், ஆபத்து எண், கருவியின் திரை, மொழி மாதிரி ஆகிய அளவுகோல்களுக்குள்ளும் இருக்கிறது. நம் சட்டமோ இன்னும் மனிதரைத்தான் தேடுகிறது.

பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(r), இழிவுபடுத்தும் நோக்கத்துடன், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவர்களுக்குள் வெளியார் எவரும் இல்லாதபோது நடந்தால் இப்பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. நோக்கம் வேண்டும், பார்வையாளர் வேண்டும், குற்றவாளி வேண்டும். வன்கொடுமைக்கு எதிரான போரில் இச்சட்டம் நமக்குத் தவிர்க்க முடியாத ஆயுதம். ஆனால் 0.08 திட்ட விலக்கத்தின் மீது எந்தக் காவல் நிலையமும் முதல் தகவல் அறிக்கை பதியாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகள் ஓரளவு முன்னே சென்றன. வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதையும், இட ஒதுக்கீட்டு மாணவர் என முத்திரை குத்துவதையும் அவை பாகுபாடு என வரையறுத்தன. ஹாஃப், பாண்டே ஆய்வு காட்டிய தீங்கை ஏறத்தாழ அப்படியே விதியாக்கியது போன்றது இது. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரு மாணவர் முன்வந்து புகார் கொடுப்பதைச் சார்ந்திருந்தது. அது எப்படிச் செயல்பட்டது என்பதற்கு, ரோஹித் வெமுலாவின் தாயும் பாயல் தாட்வியின் தாயும் 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டி வந்ததே சாட்சி.

இன்னொரு கதவு ஏற்கெனவே திறக்கப்பட்டுள்ளது. நாம்தான் போதுமான அளவு நுழையவில்லை. 2021 மார்ச் 25 அன்று லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாடு என்ற கோட்பாட்டை ஏற்றது. இராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க வைக்கப்பட்ட மருத்துவத் தகுதி அளவுகோல் பற்றிய வழக்கு அது. அளவுகோல் பார்ப்பதற்கு அனைவருக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் ஆண்கள் இளம் வயதில் சந்தித்த அளவுகோலைப் பெண்கள் பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் இரண்டு கேள்விகளை வகுத்தது. இந்த விதி ஒரு குறிப்பிட்ட பிரிவினரைக் கூடுதலாகப் பாதிக்கிறதா? அந்தப் பாதிப்பு அவர்களின் ஏற்கெனவே உள்ள பின்னடைவை நீடிக்கச் செய்கிறதா? பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததா என்பது தேவையில்லை.

தேர்வு முறைக்கும் மருத்துவ அல்காரிதத்துக்கும் வேலைவாய்ப்பு வடிகட்டிக்கும் எதிராகப் பட்டியலின மாணவர் ஒருவர் கையில் எடுக்கக்கூடிய வாதம் இதுவே. ஆனால் ‘கூடுதலாகப் பாதிக்கிறது’ என்பதை நீதிமன்றத்தில் எதைக் கொண்டு காட்டுவது? புள்ளிவிவரம் இருந்தால் வாதம் நிற்கும். நிதிஷா வழக்கில் யார் ஆண், யார் பெண் என்பது பதிவேட்டில் இருந்தது.

பத்தி எங்கே இருக்க வேண்டும்?

சாதிப் பத்தி தீங்கு செய்த இடத்தில் அதை அழித்த தீர்ப்பும் நமக்கு இருக்கிறது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறையில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவதையும் அறை பிரிப்பதையும் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்றது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையும் சாதி பற்றிய குறிப்புகளையும் நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. கழிவறை கழுவுவதை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவெடுக்கும் வார்டன் கையில் அந்தப் பத்தி இருந்ததுதான் அங்கே சிக்கல்.

வார்டன், திருத்துபவர், நேர்காணல் செய்பவர் ஆகியோர் முடிவெடுப்பவர்கள். அவர்களுக்குச் சாதி தெரியக் கூடாது. இட ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்தும் கட்டத்தில் மட்டும், மதிப்பெண் முடிவான பிறகு, அது தெரிந்தால் போதும். ஆனால் அவர்கள் எடுத்த முடிவுகளின் மொத்த விளைவைச் சோதிக்கும் தணிக்கையாளருக்குச் சாதி தெரிந்தே ஆக வேண்டும். ஹன்னா, லின்டன் ஆய்வு முதல் பாதியை நிரூபிக்கிறது. ஓபர்மேயர் ஆய்வு இரண்டாம் பாதியை நிரூபிக்கிறது. நம் நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. செய்முறைத் தேர்வு நடத்தும் ஆசிரியருக்கு மாணவரின் சாதி நன்றாகத் தெரிகிறது. அந்தத் தேர்வில் சாதி வாரியாகச் சராசரி மதிப்பெண் என்ன என்று கேட்டால், அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று பதில் வருகிறது.

சாதியைக் கணக்கெடுத்தால் சாதி வளரும் என்பார்கள். பட்டியலின, பழங்குடி மக்கள் ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எண்ணப்பட்டே வருகிறோம். 1931-க்குப் பிறகு எண்ணப்படாமல் தப்பியவை மற்ற சாதிகளே. அடுத்த கணக்கெடுப்பில் அனைத்துச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. 2027 மார்ச் 1 அதன் குறிப்புத் தேதி. வரவேற்கலாம். ஆயினும் தலைகளை எண்ணுவது தொடக்கம் மட்டுமே. எத்தனை பேர் இருக்கிறோம் என்று அது சொல்லும். மருத்துவமனையில் எத்தனை பேர் இறந்தோம், முனைவர் பட்ட நேர்காணலில் எத்தனை பேர் கழிக்கப்பட்டோம் என்பதை அந்தந்த நிறுவனத்தின் பதிவேடு மட்டுமே சொல்லும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழல்

இந்தப் பதிவேடுகளை இதுவரை திறந்துவந்த சாவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பழைமையான ஐந்து ஐஐடிகளில் பேராசிரியர்களில் 98 விழுக்காட்டினர் சாதிப் படிநிலையில் மேலே இருப்பவர்கள் என்று 2023-இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. சென்னை ஐஐடியும் அவற்றில் ஒன்று. இத்தகைய விவரங்களைத் தொடர்ந்து கேட்டுக் கேட்டு வெளிக்கொணர்ந்தவர்களில் ஐஐடி பாம்பேயின் அம்பேத்கர் பெரியார் பூலே படிப்பு வட்டம் போன்ற மாணவர் அமைப்புகள் உண்டு.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)-ஆம் பிரிவின் மூலம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தியது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அப்பிரிவிலேயே இருந்த பாதுகாப்பு நீங்கியது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலைக்கு அது சுருங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2019-இல் கொண்டுவரப்பட்ட மசோதா சாதியைக் கூர்நுண்மையான தனிநபர் தரவு எனத் தனியே வகைப்படுத்திக் கூடுதல் பாதுகாப்பு அளித்திருந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. நம் சாதியைத் தனியார் நிறுவனத்திடமிருந்து காக்கும் சிறப்புப் பாதுகாப்பு போனது. நிறுவனத்தின் சாதியை நாம் அறியும் வழியும் குறுகியது.

ஆனால் முழுவதும் அடைபடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, வெளியிடுவதில் உள்ள பொதுநலன் தீங்கைவிடக் கூடுதலானால் தகவல் தரலாம் என்று இன்றும் சொல்கிறது. பெயர் நீக்கப்பட்ட மொத்த எண்ணிக்கை தனிநபர் தகவலே அல்ல. புதிய சட்டத்தின் 17(2)(b) பிரிவும், குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத வரையில், வகுக்கப்பட்ட தர விதிகளுக்குட்பட்டு, ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு அளிக்கிறது. முடிவெடுப்பவரையும் ஆய்வு செய்பவரையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்து, அறிந்தோ அறியாமலோ, சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை

மாணவர்கள் தங்கள் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். பெயர்களைக் கேட்காமல் எண்ணிக்கைகளைக் கேளுங்கள். எழுத்துத் தேர்விலும் அகமதிப்பீட்டிலும் சமூகப் பிரிவு வாரியான சராசரி மதிப்பெண், முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பித்தோர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர், தேர்வானோர், இடையில் நின்றோர் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளுக்குக் கேளுங்கள். பெயர் மறைத்துத் திருத்தப்படும் எழுத்துத் தேர்வில் இல்லாத இடைவெளி, முகம் தெரியும் செய்முறைத் தேர்வில் ஆண்டுதோறும் தோன்றினால், அதுவே நிதிஷா தீர்ப்பின் முதல் கேள்விக்கான விடையின் தொடக்கம். துறையில் ஒரே ஒரு தலித் ஆசிரியரோ மாணவரோ இருக்கும் இடத்தில், துறை வாரியான கணக்கு அவரை அடையாளம் காட்டிவிடும். அங்கே நிறுவனம் முழுமைக்கான கணக்கைக் கேட்பதே முறை. தணிக்கையின் பெயரால் நம் தோழர் ஒருவரை நாமே அம்பலப்படுத்திவிடக் கூடாது.

தகவல் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டோடு நிற்க வேண்டியதில்லை. அரசமைப்பின் 338-ஆம் கூறின்படி தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திற்கு, விசாரணையின்போது ஆவணங்களை வரவழைக்கும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில ஆணையமும் இருக்கிறது. வன்கொடுமை நடந்த பிறகு மட்டும் இந்த ஆணையங்களின் கதவைத் தட்டும் பழக்கத்தை மாற்றி, தணிக்கை கோரியும் தட்ட வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. உயர்கல்வி நிறுவனங்கள் சமூகப் பிரிவு வாரியான சேர்க்கை, மதிப்பெண், இடைநிற்றல் விவரங்களை ஆண்டுதோறும் தாமாகவே வெளியிட வேண்டும். அரசின் பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் புள்ளிவிவரங்களும் சாதி வாரியாக வெளிவர வேண்டும். அரசுப் பணத்தில் வாங்கப்படும் எந்த அல்காரிதமும், மக்கள் மீது ஏவப்படுவதற்கு முன்பு, சாதி, மதம், பாலினம் சார்ந்த விளைவுகளுக்காகச் சுயேச்சையான அமைப்பால் சோதிக்கப்பட்டு, முடிவு பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டிற்கு இதில் முன்னனுபவம் உண்டு. நீட் தேர்வு அரசுப் பள்ளி மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளிலிருந்து விரட்டுகிறது என்ற குரல் தெருவில் எழுந்தது. நீதிபதி பி. கலையரசன் குழு சேர்க்கை விவரங்களை எண்ணிப் பார்த்துப் பரிந்துரைத்த பிறகுதான் 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அனைவருக்கும் பொதுவான தேர்வு என்று சொல்லப்பட்ட ஓர் அளவுகோலின் விளைவு அங்கே எண்களால் காட்டப்பட்டது. எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்ற பத்தி பதிவேட்டில் இருந்ததால் அந்தக் கணக்கு சாத்தியமானது.

பட்டியலின மக்களின் மூன்று ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்பதற்கும் அத்தகைய ஒரு பத்தி வேண்டும். அதை யார் கையில் கொடுப்பது, யார் கையிலிருந்து பிடுங்குவது என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால், நம்மை அளந்துகொண்டிருக்கும் நிறுவனங்களே தீர்மானித்துவிடும்.